பூசணிக்காய் உடைக்கிற வரைக்கும்

ஆயுத பூசைக்கு வைத்த குங்குமம் மாசி மாதம் வரைக்குமா காயாமல் இருக்கும்?

நதியா மானிட்டரின் நெற்றியைத் தொட்ட விரலைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தால் வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனால், அப்போதுதான் கிண்ணத்தில் குழைத்த சந்தனத்தின் குளிர்ந்த வாசனை. பிள்ளைப்பேற்று லீவு முடிந்து அன்றைக்குத்தான் அவள் கம்பெனிக்குத் திரும்பியிருந்தாள். நல்லூரில் வீடுகளுக்கு நடுவே நெருக்கியடித்து நிற்கும் பனியன் கம்பெனிகளில் அதுவும் ஒன்று. அவள் அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர், புருஷன் இசக்கிமுத்து அங்கேயே கட்டிங் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவர்கள். ஹாலில் ஓவர்லாக் தையல் மெஷின்கள் எல்லாம் ஒரே மூச்சாக இரைந்துகொண்டிருந்தன, அயர்ன் மேஜையில் ஈரத்துணி வேகிற வாடை கண்ணாடிக் கதவின் இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது, எல்லாம் அவள் விட்டுப்போன மாதிரியே இருந்தது. யாரோ காலையில் சாமி கும்பிட்டுவிட்டுப் புதுசாகப் பொட்டு வைத்திருப்பார்கள், வேறென்ன? கழிவுத் துணி ஒன்றை எடுத்து அழுத்தித் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மத்தியானம் கரண்ட் போனது. அந்த வருஷம் திருப்பூரில் கரண்ட் போவதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. வந்தால்தான் ஆச்சரியம் என்று ஹாலில் கேலி பேசிக்கொள்வார்கள். யுபிஎஸ் பேட்டரி செத்து வெகுநாள் ஆகியிருந்ததால் கம்ப்யூட்டர் படக்கென்று கண்ணை மூடிக்கொண்டது. பின்பக்கம் ஜெனரேட்டர் இருமி இருமி ஓடத் தொடங்கிய பிறகு பட்டனை அழுத்தினாள். தன் வழக்கமான நாலு சுரத்தைப் பாடிக்கொண்டு திரை வெளிச்சமானது. மானிட்டரின் நெற்றியில் பொட்டு இருந்தது. நடுவில் ஒரு துளி திரண்டு, இறங்கலாமா என்று யோசிக்கிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி கிட்டுசாமியின் மகன் அருண்குமார் சாம்பிள் பனியன்களை அள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான்.

"தம்பி, இதுல பொட்டு வெச்சது யாருங்க?"

"பூசைக்கு வெச்சதுதானுங்க அக்கா. நீங்க போனப்புறம் இந்த மெஷினை எவனும் ஆன் பண்ணலீங்க, கணக்கெல்லாம் நோட்டுலதானுங்க. இது இப்படியே இருக்கட்டும்னு நீங்கதானுங்களே சொல்லிட்டுப் போனீங்க?" என்று சிரித்தான்.

ஆமாம், அவள்தான் சொன்னாள்.

புரட்டாசியில், ஆயுத பூசையன்றைக்கு. அதற்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டர் பட்ட பாடு கொஞ்சமா? கம்பெனிப் பையன்களுக்கெல்லாம் அதுதான் பாட்டுக்கடை. ஆளுக்கொரு மெமரி கார்டைக் கொண்டுவந்து சொருகுவான், பாட்டோடு வைரஸும் ஏறும், மறுநாள் பேக்கிங் லிஸ்ட் திறக்காது, சர்வீஸ்காரர் ராசப்பன் சைக்கிளில் ஓடிவந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டுக்கொடுப்பார். இவளோ நிறைமாசத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். லீவில் போகிற நேரத்தில் எவளாவது வந்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிவைத்துவிட்டால் திரும்பி வரும்போது இந்த வேலை தனக்கு இருக்குமா என்று அவளுக்கு உள்ளூர ஒரு அரிப்பு. அதைத்தான் ராசப்பனிடம் கேட்டாள். யாராலும் மாற்ற முடியாதபடி ஒரு கம்ப்யூட்டரை வைக்க முடியுமா?

"மூணு வழி இருக்குதுங்க அம்மிணி" என்றார் ராசப்பன். "ஒண்ணு, ஆன்டி வைரஸ். இந்தப் பழைய மெஷின் அதைத் தாங்காது, மாட்டு வண்டியாட்டம் நவுரும். ரெண்டாவது, சிடியில இருந்தே ஓடற லினக்ஸ். சிடியில எழுதுனத எவனும் அழிக்க முடியாது. ஆனா உங்க பில்லிங் சாப்ட்வேர் அதுல ஓடாதுங்க. மூணாவது இருக்குது பாருங்க, ப்ரீஸ். மெஷினை அப்படியே உறைய வெச்சர்றது. அப்புறம் யாரு என்ன மாத்துனாலும், என்ன சேர்த்தாலும், ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணா உறைஞ்ச நேரத்துக்கே போயிரும். நீங்க பண்ணுற வேலையை மட்டும் டி டிரைவ்ல வெச்சுக்குங்க, அதை உறையாம வெளிய உட்டர்றேன். வெளிய வெக்காததெல்லாம் போயிருமுங்க."

மூன்றாவதுதான் அவளுக்குப் பிடித்தது. பிடிக்காமல் என்ன?

அப்போது வாசலில் பூசணிக்காயைத் துளைத்துக் குங்குமம் நிரப்பி, மேலே கற்பூரம் ஏற்றி, கம்பெனிக்குத் திருஷ்டி சுற்றுவதற்கு எல்லோரும் கூடியிருந்தார்கள். கிட்டுசாமி கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். புள்ளத்தாச்சி பூசணிக்காய் உடைவதைப் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம்.

"வெளிய வந்துராத கண்ணு. பூசணிக்காய் உடைக்கற வரைக்கும் உள்ளயே இரு" என்றார், சொந்த மகளிடம் சொல்கிற மாதிரி.

அவர் போனதும் ராசப்பன் கேட்டார். "உடைச்சு முடிச்சப்புறம் பண்ணிக்கலாமுங்களா? மெஷினுக்கும் திருஷ்டி கழிஞ்ச மாதிரி இருக்கும்."

வயிறு மேஜை விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது, கால் வீங்கியிருந்தது, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. "இப்பமே செஞ்சிருங்கண்ணே. இது இப்படியே இருக்கட்டும்" என்றாள். திரை ஒருமுறை இருண்டு, மறுபடி விழித்தது. அதற்குப் பிறகுதான் வாசலில் பூசணிக்காய் விழுந்து சிதறுகிற சத்தமும், சில்லறைக்குப் பாய்கிற பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

அதை நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் அன்றைக்கு மத்தியானம் வேலையைத் தொடர்ந்தாள். சாயங்காலம் இரண்டாம் முறையாகக் கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடி, கம்ப்யூட்டர் மறுபடி பாடி விழித்த கொஞ்ச நேரத்தில் பேக்கிங் சூப்பர்வைசர் மயில்சாமி பெட்டிக் கணக்குச் சொல்ல உள்ளே வந்தார். நதியாவின் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றுவிட்டன. காலையில் அவர்தான் அவளை முதலில் வரவேற்றது. தைப்பூசத்துக்குப் பழனியில் போட்ட மொட்டை, முள்ளுமுள்ளாக முளைக்கத் தொடங்கியிருந்த தலை, அதில் சந்தனம். இப்போது தலை நிறைய முடி. எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, காதோரம் நரையோடு படிந்து கிடந்தது.

"அண்ணே... மொட்டை போட்டிருந்தீங்களே?"

"நானா? நான் எப்பங்க போட்டேன்? தைப்பூசத்துக்குத்தானுங்க போகோணும், அதுக்கு இன்னும் எத்தனை மாசம் கெடக்குது" என்றார் மயில்சாமி. "என்னம்மிணி, புள்ள ராத்திரியெல்லாம் தூங்க விடறதில்லையாட்ட இருக்குது."

அவரிடமிருந்து தேங்காயெண்ணெய் மணந்தது. பொய்முடியில் தேங்காயெண்ணெய் மணக்குமா? நதியா ஏதோ சிரித்து வைத்தாள். மானிட்டரின் நெற்றியிலிருந்த துளி இப்போது கொஞ்சம் இறங்கி, திரையின் விளிம்பைத் தொட்டிருந்தது.

வீட்டில் இசக்கிமுத்து சாப்பிட உட்கார்ந்தபோது அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை, கையைத்தான் பார்த்தாள். மார்கழியில், பொங்கலுக்கு முன்னால் சரக்கு அனுப்புகிற அவசரத்தில், கட்டிங் மெஷின் கத்தி அவனுடைய இடது பெருவிரல் நகத்தையும் கொஞ்சம் சதையையும் கொண்டுபோய்விட்டிருந்தது. பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டே அவள்தான் தினமும் அந்தக் கட்டை அவிழ்த்து மருந்து வைத்தாள். அந்த விரல் இப்போது முழுசாக இருந்தது. நகம் வளர்ந்து, ஓரத்தில் துணித்தூசி அடைந்து, என்றைக்குமே ஒன்றும் நடக்காத விரலாக, தண்ணீர்ச் செம்பின் கழுத்தைப் பிடித்திருந்தது.

"ஏட்டி, என்ன கையவே பாக்க?"

"உங்க பெருவிரலு. மெஷின்ல வெட்டுச்சில்லா?"

"எப்ப வெட்டுச்சி? நல்ல நாளும் அதுவுமா வாயக் கழுவு" என்றான் அவன்.

அவள் எழுந்து தொட்டிலருகே போனாள். வர்ஷினி தூங்கிக்கொண்டிருந்தாள். கார்த்திகையில் பிறந்தவள். கழுத்து நின்றுவிட்டது, தோளில் போட்டால் தலையைத் தூக்கித் தெருவில் போகிற பைக்கையெல்லாம் வேடிக்கை பார்க்கிறாள், பொக்கை வாயைத் திறந்து யாருக்கென்று இல்லாமல் சிரிக்கிறாள். கை இரண்டையும் மடக்கிக் காதருகே வைத்துக்கொண்டு தூங்கும் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. உறைத்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் தடவை கரண்ட் போய் வந்தபோது துடைத்த பொட்டு திரும்பி வந்தது. அடுத்த தடவை தையில் போட்ட மொட்டை போனது. அதோடு மார்கழியில் பட்ட காயமும் போயிருக்கிறது. பூசைக்குப் பிறகு வந்ததெல்லாம், பின்னாலிருந்து ஒவ்வொன்றாக.

மார்கழிக்கு முந்தின மாசம் கார்த்திகை.

வெளிய வெக்காததெல்லாம் போயிருமுங்க.

விடிந்ததும் விடியாததுமாக, பல்கூடத் துலக்காமல் கம்பெனிக்கு ஓடினாள். இன்றைக்கு அதை யாரும் ஆன் பண்ண விடக் கூடாது, அவ்வளவுதான், வேறெதுவும் அவளுக்குத் தெரியவில்லை. வேப்பமரத்தடியில் டீக்கடைக்காரர் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. கம்பெனியின் இரும்புக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நீல வெளிச்சம்.

"சரக்கு வாங்கற பையருக்கு அவசரமா ஒரு மெயில் அனுப்போணும்ங்க அக்கா, அதான் நானே ஆன் பண்ணிட்டேன்" என்றான் அருண்குமார், நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டே. "நெட்டுத்தான் வரலீங்க. அது சரி, நீங்க எதுக்கு இதுக்குள்ள வந்தீங்க? பச்சை ஒடம்பு. ஒரு மாசமாவது ஊட்டுல இருக்கோணும்னு அப்பா சொன்னாருங்களே."

பச்சை உடம்பா?

அப்போதுதான் அடிவயிற்றில் அந்த வலி தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்ட இடம், எப்போதோ ஆறி அவள் மறந்தே போயிருந்த இடம், நடந்து வந்ததில் சுரீரென்று இழுத்தது. தொடையிடுக்கில் ஈரம். மேஜையைப் பிடித்துக்கொண்டாள். குங்குமத் துளி திரையின் பாதிவரை இறங்கி வந்திருந்தது, எழுத்துகளின் மேல், மெல்ல, யாருக்கும் அவசரமில்லாத மாதிரி. அறைக்குள் கற்பூரம் மணந்தது. யாரும் கற்பூரம் ஏற்றவில்லை.

நெட் கேபிளைப் பார்க்க அருண்குமார் மாடிக்குப் போனதும் ராசப்பனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அந்த ப்ரீஸை எடுக்கணும். இப்பமே எடுக்கணும்."

"எடுத்தர்லாமுங்க, அது ஒண்ணும் பெரிய வேலையில்லீங்க. உங்க பாஸ்வேர்டைப் போட்டு, வேண்டாம்னு குடுத்துட்டு, ஒரே ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அவ்வளவுதான்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணாம முடியாதாண்ணே?"

"அதெப்படிங்க அம்மிணி? அவுத்துவிடறதுக்கும் ஒருக்கா தூங்கி முழிச்சுத்தானுங்க ஆகோணும்."

ஒரே ஒருக்கா. அந்த ஒன்றுக்குத் தன்னிடம் என்ன மிச்சமிருக்கிறது என்று யோசித்தாள். அணைந்தால் ஒன்றுமில்லை, அணைந்தது விழித்தால்தான் எல்லாம். அணைத்துவிட்டு, யாராலும் ஆன் பண்ண முடியாதபடி செய்துவிட்டால்? குனிந்தாள், தையல் இழுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியின் பின்னாலிருந்த பவர் வயரைப் பிடுங்கினாள். திரை செத்தது. வயரைச் சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள்.

ஓட முடியவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். வழியெல்லாம் வீட்டுக்கு வீடு ஓவர்லாக் இரைச்சல், சாக்கடையில் சாயத் தண்ணீரின் காரம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், நல்ல வெயில். இவ்வளவு வெளிச்சத்தில் ஒருத்திக்கு இப்படிப் பயம் வருமா என்று அவளுக்கே கேவலமாக இருந்தது, பயம் மட்டும் குறையவில்லை.

வாசற்படியில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த இசக்கிமுத்துவின் அக்கா விஜயராணி உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து வாங்கி வந்த பனியன்களில் நூல்பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மதினி, பிள்ள எங்க?"

"பிள்ளைக்கென்ன, தொட்டில்ல கெடக்கா. ஏட்டி, பெத்து ஒரு வாரம்கூட ஆகல, இப்பிடித் தெருவுல ஓடி வாறியே, உனக்குக் கூறு இருக்கா?"

தொட்டிலை விலக்கினாள். இருந்தாள். ஐயோ, இருந்தாள். அள்ளி எடுத்தாள். எடுத்த கையிலேயே தெரிந்துவிட்டது. எடை இல்லை. நேற்று தோளில் தலை தூக்கிய பிள்ளை இல்லை இது. தலை பின்னால் சாய்ந்து தொங்கியது, முகம் சுருங்கிச் சிவந்து கிடந்தது, கண் எதையும் பார்க்கவில்லை. சட்டையை விலக்கினாள். வயிற்றின் நடுவில், தையில் வெள்ளி அரைஞாண் கட்டிய இடத்துக்கு மேலே, தொப்புள்கொடி ஒட்டிக்கொண்டிருந்தது. கறுத்த முனை. அடியில் இன்னும் ஈரம்.

"பதறாத, அது தானா விழுந்துரும்" என்றாள் விஜயராணி, பிசிறிலிருந்து கண்ணெடுக்காமல்.

நதியா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் போட்டு, முந்தானையால் மூடி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். பிள்ளை வாயைக் கோணி மார்பைத் தேடியது. கொடுத்தாள். குடித்தது. சின்ன வாய், பலமில்லாத உறிஞ்சல், ஆனால் குடித்தது. போதும் சாமி, இதுவே போதும், இதோடு விட்டுவிடு, இந்த ஒரு வாரத்துப் பிள்ளையிலிருந்து நான் மறுபடி வளர்த்துக்கொள்கிறேன். பைக்குள் வயர் இருக்கிறது. வயர் இல்லாமல் அது விழிக்காது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

மேலே மின்விசிறி சுற்றுவது குறைந்தது. நின்றது. தெரு முழுக்க மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அப்படி ஒரு அமைதி. விஜயராணியின் கத்தரி சத்தம் மட்டும். சிறுக். சிறுக்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு தெரு தள்ளி கம்பெனி ஜெனரேட்டர் இருமியது.

போன் அடித்தது.

"நதியாக்கா, பவர் வயரைக் காணோமுங்க, நீங்க எங்கியாவது வெச்சீங்களா?" அருண்குமார்.

"தம்பி, அதை ஆன் பண்ணாதீங்க. உங்க காலப் புடிச்சிக் கேக்கேன். ஆன் பண்ணாதீங்க."

"என்னங்க? ஜெனரேட்டர் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. பரவால்லீங்க அக்கா, மயில்சாமியண்ணன் வேற வயர் கொண்டாந்துட்டாரு. அதேதான், சரியாச் சேருது."

"தம்பி!"

கத்தியதில் பிள்ளை பயந்து வாயை எடுத்துவிட்டு அழுதது. அழுகையை அவள் கேட்டாள். அதைக் கேட்டுக்கொண்டேதான் போனுக்குள் பட்டன் அழுத்துகிற சின்னச் சத்தத்தையும் கேட்டாள். பிறகு அந்தப் பாட்டு. நாலு சுரம்.

அழுகை நின்றது.

அவள் மடியைப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டாள். கை மட்டும் முந்தானைக்குள் போனது. துணி. துணிக்குள் சூடு. சூட்டுக்குள் கையை விட்டுத் துழாவினாள். துணி. எதிரே உத்திரத்தில் தொட்டில் கட்டுகிற கொக்கி. அதில் தொட்டில் இல்லை. நூலாம்படை.

"வயித்துப் பிள்ளையோட இப்பிடி தரையில உக்காராதன்னு எத்தன தடவ சொல்ல" என்றாள் விஜயராணி. சிறுக். சிறுக்.

காதில் வைத்திருந்த போனில் ஜெனரேட்டர் இல்லை. மணிச் சத்தம். கூட்டம். பிள்ளைகளின் சிரிப்பு. கற்பூரம் இங்கே, இந்த அறைக்குள், மூக்குக்கு நேராக மணந்தது. நெற்றியில் ஏதோ குளிர்ந்தது. தொட்டாள். சிவப்பு. ஈரம்.

போனில் கிட்டுசாமியின் குரல், பிரியமாக, பக்கத்தில் நின்று சொல்வதைப்போல.

"வெளிய வந்துராத கண்ணு. பூசணிக்காய் உடைக்கற வரைக்கும் உள்ளயே இரு."

மெஷினை உறைய வைத்தது அது உடைவதற்கு முன்னால். மடியில் இருந்த கையை மேலே முட்டித் தள்ளியது வயிறு. பெரிய வயிறு. தோல் இழுத்துக் கட்டிய வயிறு. விலாவுக்குக் கீழே வர்ஷினி உதைத்தாள். நின்றாள். மறுபடி உதைத்தாள், வழி கேட்கிற மாதிரி.